ஆரஞ்சு வளையம்

பிப்ரவரி 4

எலி,

இங்கே சாயங்காலத்தில் கடிதம் எழுதும் நேரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கைப்பேசியை வாசலிலேயே வாங்கி உறையில் போட்டு ஒட்டிவிட்டதால் வேறு வழியில்லை. இத்தனை நாளாக அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். "உங்களுக்கு எழுத யாருமே இல்லையா?" என்று மேடம் கேட்டார். மேடம் என்றால் எங்களோடு உட்கார்ந்து பேசுகிற ஆலோசகர். "தங்கச்சி இருக்கா மேடம். பிரிச்சுப் படிப்பாளான்னுதான் தெரியல" என்றேன். "அது அவங்க பாடு. நீங்க எழுதுங்க" என்றார். எழுதுகிறேன். பிரித்துவிட்டாய் என்றால் நன்றி.

இது ஆஸ்பத்திரி இல்லை என்று அம்மாவிடம் சொல். சூதாட்டத்தை விட வந்தவர்கள் தங்குகிற பழைய விடுதிக் கட்டிடம். காலையில் எனக்குத் துணி துவைக்கும் அறையில் வேலை. படுக்கை விரிப்புகளை ஒருவர் அந்தப் பக்கம், ஒருவர் இந்தப் பக்கம் பிடித்து மடிக்க வேண்டும். அந்தப் பக்கம் பிடிப்பவர் என் அறைக்காரர். வங்கியில் காசாளராக இருந்து குதிரைப் பந்தயத்தில் போனவர். எல்லோரும் அவரை 'பேங்க்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், மேடம் உட்பட. சமையலறையிலிருந்து மாடிக்குச் சாப்பாடு ஏற்றும் சின்ன லிஃப்ட் ஒன்று இருக்கிறது. ஏறும்போது முனகுகிறது. எங்கே தேய்கிறது என்று படுத்தபடியே சொல்லிவிடுவேன். கை அரிக்கிறது. தொடக்கூடாது என்று உத்தரவு.

விஷயத்துக்கு வருகிறேன். எங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்த ஒரே ஒரு தப்பை எழுதச் சொன்னார் மேடம். நான் அந்தக் கடைசி ஆட்டத்தை எழுதினேன். உனக்குத் தெரியும், உன் அடுப்புக்குச் சேர்த்த பணம் போன ஆட்டம். கையில் இரண்டு ராஜா. கடைசிச் சீட்டுவரை நான்தான் மேலே இருந்தேன். கடைசியில் ஒரு ஆஸ் விழுந்தது, எதிராளி கையிலும் ஒரு ஆஸ், முடிந்தது. படித்துவிட்டு மேடம் கேட்டார்: "இதுல தப்பு எங்க இருக்கு? இது துரதிர்ஷ்டம்ல?" பேங்க் சிரித்தார். "இங்க எல்லாருமே கடைசி சீட்டுலதான் தோத்திருக்கோம் தம்பி. என் குதிரைங்ககூட கடைசி அடியிலதான் தோத்துச்சு."

என் லேப்டாப் அலமாரி மேல் தட்டில் இருக்கும். விளையாடிய ஒவ்வொரு ஆட்டத்தையும் அது வரிவரியாக எழுதி ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருக்கும். அந்தக் கடைசி ஆட்டத்தை மட்டும் கையால் எழுதி அனுப்புவாயா? வேறு எதையும் திறக்காதே.

அண்ணா


பிப்ரவரி 15

அண்ணா,

எலி என்பது, சின்ன வயதில் புத்தகத்தோடு கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டதற்காக நீ வைத்த பெயர். அந்தப் பெயரில் கூப்பிட உனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். முடிவு செய்யவில்லை.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை. லிஃப்ட் எப்படி இருக்கிறது என்று இருக்கிறது.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நான் பல் செய்யும் அதே கூடத்தில், அதே ஜன்னல் இல்லாத மூலையில்தான் இருக்கிறேன். இந்த வாரம் ஒரே முன்பல்லை மூன்றாவது முறையாகச் செய்கிறேன். பல் மருத்துவர் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறார், "கொஞ்சம் சாம்பல் அடிக்குது" என்று. சாம்பல் அடிப்பது பல் இல்லை, எங்கள் விளக்கு. பகல் வெளிச்சத்தில் நிறம் பார்க்க வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. "உன் சொந்தக் கூடத்துல வேணா ஜன்னல் வச்சுக்கோ" என்கிறார். பல்லைச் சுட்டெடுக்கும் அந்தப் பீங்கான் அடுப்பு மட்டும் வந்திருந்தால், நம் வீட்டுப் பின்னறையில், கிழக்கு ஜன்னலுக்குக் கீழே, இந்நேரம் எனக்கு ஒரு கூடம் இருந்திருக்கும். அந்த ஜன்னலை நான் தினமும் திறந்து மூடுகிறேன். அறை காலியாகவே இருக்கிறது.

நீ இருக்கும் இடத்தை அம்மாவிடம் விளக்கினேன். "லிஃப்ட்ட சரிபண்ணப் போனவன் லிஃப்ட்டுக்குள்ளயே மாட்டிக்கிட்டான்" என்றாள். அப்புறம் துணி மடிக்கிறாய் என்று சொன்னதும், "இங்க ஒரு துண்டு மடிச்சிருப்பானா?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

எழுதி அனுப்ப மாட்டேன் என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் லேப்டாப்பை ஏற்கெனவே திறந்துவிட்டேன். நீ விளையாடிய பெயர் 'மேல்மாடி' என்பது எனக்கு இதுவரை தெரியாது. இதோ உன் ஆட்டம்:

மேல்மாடியின் மூடிய சீட்டுகள்: ஸ்பேட் ராஜா, ஹார்ட் ராஜா.
நடுவில் முதல் மூன்று: ஸ்பேட் ஒன்பது, டைமன் ஒன்பது, கிளாவர் நாலு. மேல்மாடி பந்தயம் வைக்கிறார். பனிக்கரடி சேர்கிறார்.
நாலாவது: ஹார்ட் ஆறு. மேல்மாடி பந்தயம் வைக்கிறார். பனிக்கரடி அதை மூன்று மடங்காக ஏற்றுகிறார். மேல்மாடி சேர்கிறார்.
ஐந்தாவது: ஸ்பேட் ஆஸ். பனிக்கரடி கையிலிருப்பது அனைத்தையும் வைக்கிறார். மேல்மாடி சேர்கிறார்.
பனிக்கரடி காட்டுகிறார்: கிளாவர் ஆஸ், கிளாவர் ஒன்பது.

எனக்கு இந்த ஆட்டம் தெரியாது. படிக்க மட்டும் தெரியும். நீ சொன்னபடியே அவர் கையில் ஒரு ஆஸ் இருக்கிறது. ஆனால் கூடவே ஒரு ஒன்பதும் இருக்கிறது. நடுவில் ஏற்கெனவே இரண்டு ஒன்பது. சேர்த்தால் மூன்று. மூன்று ஒன்பது பெரிதா, இரண்டு ராஜா பெரிதா?

தங்கை


பிப்ரவரி 24

எலி (வேண்டாம் என்றால் சொல், நிறுத்திக்கொள்கிறேன்),

மூன்று ஒன்பதுதான் பெரிது.

உன் கடிதத்தைத் துவைக்கும் அறை மேஜையில் வைத்துப் படித்தேன். பேங்க் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ன தம்பி, யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்டார்.

ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு மூடிய சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறப்பார்கள்: முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. உன் இரண்டையும் அந்த ஐந்தையும் சேர்த்து, அதில் நல்லதாக ஐந்தை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை திறந்ததும் பந்தயம். சேரலாம், ஏற்றலாம், இல்லையென்றால் சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். விலகிவிட்டால் எதிராளி கையில் என்ன இருந்தது என்பது கடைசிவரை தெரியாது. அவ்வளவுதான்.

முதல் மூன்று சீட்டு விழுந்தபோதே என் கதை முடிந்திருக்கிறது. அந்த ஆஸ் வந்திருந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் கடைசியில் விழுந்ததால் கண் அதிலேயே போய் ஒட்டிக்கொண்டது. அவன் சீட்டைத் திருப்பியதும் ஆஸைப் பார்த்தேன், திரையை அறைந்து மூடினேன். பக்கத்திலிருந்த ஒன்பதை நான் பார்க்கவே இல்லை. இத்தனை மாதமாக ஒரு ஆஸைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பாவம், அது என்ன செய்யும்.

அதுவரை அமைதியாக இருந்தவன் திடீரென்று மூன்று மடங்கு ஏற்றினால் விலக வேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். பிறகு ஏன் சேர்ந்தேன்? அவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க. உன் அடுப்பைக் கொடுத்து இரண்டு சீட்டைப் பார்த்தேன், அதிலும் ஒன்றைத்தான் பார்த்தேன்.

இதை மேடத்திடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். எனக்கு என்னவோ மார்பிலிருந்து ஒரு போல்ட்டைக் கழற்றியது மாதிரி இருந்தது. இன்னும் சில ஆட்டங்களை எழுதி அனுப்பேன். பெரிதாகத் தோற்றவற்றை மட்டும். எங்கெங்கே தப்பு செய்தேன் என்று தெரிந்தால் நல்லது.

உன்னைப் பற்றிக் கேட்காதது மறதி இல்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்று தோன்றியது. அந்தச் சாம்பல் பல் என்ன ஆயிற்று?

அண்ணா


மார்ச் 10

அண்ணா,

பல் சரியாகிவிட்டது. முதலாளியைக் கேட்காமல் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்த்தேன். "யாரைக் கேட்டு வெளியே போனே?" என்றார். "பல்லைக் கேட்டுத்தான் சார்" என்றேன். கூடமே சிரித்தது. இப்படியெல்லாம் பேசுவது நான்தானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

நீ கேட்டதை எழுதி அனுப்புகிறேன், தனித் தாள்களில். ஒவ்வொன்றாகப் படிப்பதைவிட ஒன்றாக வைத்துப் படித்தால்தான் உன் ஆட்டம் புரிகிறது. ஒரு வாய்க்கு அச்செடுத்து, மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் கடிக்க வைத்துப் பார்ப்பது போல. எங்கே இடிக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

முதலாவது, நீ பார்ப்பதற்காகவே பணம் கட்டுகிறாய். ஒரு ஆட்டத்தில் உன் கையில் ஆஸும் ராணியும். நடுவில் விழுந்த எதுவும் அவற்றோடு சேரவில்லை, ஒரு ஜோடிகூட இல்லை. எதிராளி கடைசியில் பெரிதாக வைக்கிறான், நீயும் சேர்கிறாய். எதை நம்பி? அவன் பொய் சொல்கிறானா என்று தெரிந்தாக வேண்டும் உனக்கு, அவ்வளவுதான்.

இரண்டாவது, ஒரு பெரிய தோல்விக்குப் பிறகு நீ எந்தச் சீட்டையும் விடுவதில்லை. இரண்டும் ஏழும் மாதிரி உதவாத சீட்டு வந்தால்கூட உள்ளே போகிறாய். அதுவரை நிதானமாக ஆடிக்கொண்டிருந்தவன் எழுந்து போய், வேறொருவன் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

மூன்றாவது, நீ எதிராளியைப் பார்ப்பதே இல்லை. பனிக்கரடி மாதிரி ஆட்கள் அவசரப்படுவதில்லை. பெயரைச் சுற்றியிருக்கும் வளையம் பச்சையிலிருந்து ஆரஞ்சாகும்வரை உட்கார்ந்திருந்து, முடியப்போகும் நேரத்தில்தான் வைக்கிறார்கள். கையில் ஒன்றும் இல்லாதவன்தான் சட்டென்று வைக்கிறான். இந்த ஒன்றைக் கவனித்திருந்தாலே நீ பாதி ஆட்டங்களில் தப்பித்திருப்பாய்.

அலுப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. நான் எதையோ முணுமுணுத்துப் பாடுகிறேன் என்று அம்மா சொல்கிறாள். பின்னறையைக் கழுவி வைத்திருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் நீ வரும்போது அங்கே உனக்கு ஒரு ஆச்சரியம் இருக்கலாம். இப்போது கேட்காதே.

எலி


மார்ச் 18

எலி,

அந்த வளையத்தை எங்கே பார்த்தாய்?

கோப்பில் நிறம் கிடையாது. யார் என்ன வைத்தார் என்று மட்டும்தான் அதில் இருக்கும், எத்தனை நேரம் யோசித்தார் என்று இருக்காது. நான் விளையாடிய காலத்தில் பெயருக்குக் கீழே ஒரு நேர்க்கோடுதான் ஓடும். நீலக் கோடு. நேரம் குறையக் குறைய அப்படியே மறைந்துவிடும். வளையமும் கிடையாது, ஆரஞ்சும் கிடையாது. நான் போன பிறகு மாற்றியிருக்கிறார்கள். அது மேஜையில் உட்கார்ந்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

தாள்களை நான் படிக்கவில்லை. மேடத்திடம் கொடுத்துவிட்டேன்.

உன் கடிதத்தை முதலில் படித்தபோது சந்தோஷப்பட்டேன், என் தங்கைக்கு எவ்வளவு மூளை என்று. பேங்க்கிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "தம்பி, இது தோத்த ஆட்டத்தப் பத்தி எழுதின மாதிரி இல்லையே. ஜெயிக்கிற ஆளு எழுதின மாதிரில்ல இருக்கு" என்றார். அப்புறம்தான் திரும்பப் படித்தேன்.

பாட்டு, பின்னறை, முதலாளிக்குப் பதில், ஆச்சரியம். இந்தக் கடிதம் எனக்குத் தெரியும் எலி. ஜெயித்த நாட்களில் நானும் இதே மாதிரிதான் இருந்தேன், அப்போது நீ கவனித்திருப்பாய். அம்மாவுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேனே, அந்த வாரம்.

விளையாடுகிற வீட்டுக்கு எங்களை அனுப்ப மாட்டார்கள். அனுப்பினாலும் நான் வர முடியாது. பக்கத்து அறையில் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் எனக்கு ஒரு நாள்கூடத் தாங்காது. பெருமைக்குச் சொல்லவில்லை.

இல்லை என்று எழுது. நான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று எழுது. நம்பிவிடுகிறேன்.

அண்ணா


மார்ச் 27

அண்ணா,

இல்லை என்று எழுத மாட்டேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை, இந்த வீட்டில் அந்த வேலை உன்னுடையதாக இருந்தது.

ஆமாம், விளையாடுகிறேன். காலையில் அம்மா குளிக்கப் போகும் நேரத்திலும், மதியம் சாப்பாட்டு இடைவேளையிலும். வேறு நேரங்களில் தொடுவதில்லை. இவ்வளவுதான் என்று ஒரு அளவு வைத்திருக்கிறேன், அதைத் தாண்டியதில்லை. நீ எங்கெல்லாம் தோற்றாயோ அங்கெல்லாம் நான் விலகுகிறேன். உன் ஒவ்வொரு தப்பும் எனக்குப் பாடம். ஜெயித்துக்கொண்டிருக்கிறேன். அடுப்புக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. இதுதான் நான் சொன்ன ஆச்சரியம். கெடுத்துவிட்டாய்.

நீ எரித்தாய். அந்தச் சாம்பலிலிருந்து நான் எதையாவது பொறுக்கி எடுத்தால், எரித்தவனே வந்து கை சுடும் என்கிறான்! எனக்குச் சிரிப்புகூட வரவில்லை. நீ போன பிறகு இந்த வீட்டை யார் இழுக்கிறார்கள் என்று நினைக்கிறாய்? ஜன்னல் இல்லாத அந்த மூலையில், மற்றவர்களின் வாய்க்குப் பல் செய்து, இன்னும் எத்தனை வருஷம்? களைத்துவிட்டேன் அண்ணா. தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை இது.

உனக்கு வந்தது வியாதி. எனக்கு இது கணக்கு. இரண்டையும் குழப்பாதே.

வராமல் இருப்பதென்றால் இரு. ஆனால் அதை அம்மாவிடம் நீயே எழுதிச் சொல். உன் கட்டில் விரிப்பைக்கூட மாற்றி வைத்துவிட்டாள்.

தங்கை


ஏப்ரல் 3

எலி,

கோபமாக ஒரு பதில் எழுதினேன். கிழித்துவிட்டேன். பேங்க் அந்தத் துண்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டார். "தங்கச்சிகிட்ட வாதம் பண்ணி ஜெயிச்ச அண்ணன் எவனாவது இருக்கானா?" என்றார்.

நீ எழுதியது எல்லாம் சரி. வீட்டை இழுப்பது நீதான். களைப்புக்கும் காரணம் நான்தான். நீ தோற்கிறாய் என்று நான் சொல்லவில்லை, ஜெயிக்கத்தான் செய்வாய். நானும் ரொம்ப நாள் ஜெயித்தேன். எனக்கும் ஒரு அளவு இருந்தது, விலகும் இடங்கள் இருந்தன. எனக்கு முன்னால் தோற்ற ஒருவனைப் பார்த்துத்தான் நானும் அவற்றையெல்லாம் கற்றேன். என்னோடு வேலை பார்த்த எலக்ட்ரீஷியன். அவன் எங்கே தப்பு செய்தான் என்று அவனுக்கே எடுத்துச் சொல்லியிருக்கிறேன், நீ எனக்கு எழுதியது மாதிரியே, ஒன்று, இரண்டு, மூன்று என்று.

ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன். ஆட்டத்தின் பாதியில் எழுந்திருக்க முடிகிறதா என்று பார். ஆட்டம் முடிந்த பிறகு இல்லை, அது எல்லோருக்கும் முடியும். மோசமான சீட்டை வைத்துக்கொண்டும் இல்லை. நல்ல சீட்டு கையில் இருக்கும்போது, நடுவில் இன்னும் ஒரு சீட்டு திறக்க வேண்டியிருக்கும்போது, அதைப் பார்க்காமல் மூடிவிட்டு எழுந்து போ. யார் ஜெயித்தது என்று பிறகும் பார்க்காதே. முடிந்தால் உனக்கு இது கணக்குதான், நான் வாயை மூடிக்கொள்கிறேன். என்னால் ஒரு முறைகூட முடிந்ததில்லை. அப்பாவை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தபோது நான் படியில் நின்று ஒரு ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். இதுவரை இதை யாரிடமும் சொன்னதில்லை.

பேங்க் அடுத்த மாதம் வெளியே போகிறார். அவர் அக்கா வீட்டு மாடியில் ஒரு அறை இருக்கிறதாம், நானும் அங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்கிறார். மேடமும் யோசிக்கச் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு நானே எழுதுகிறேன். விரிப்பை எடுத்து வைக்கச் சொல்.

அண்ணா


ஏப்ரல் 19

அண்ணா,

உன் கடிதம் வந்த அன்றே முயன்று பார்த்தேன், நீ சொல்வது தப்பு என்று காட்டத்தான். முடியவில்லை. சீட்டு நன்றாக இல்லை, அதனால் இது கணக்கில் வராது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மறுநாள் சீட்டு நன்றாக வந்தது. எழுந்திருக்கவில்லை. நன்றாக வந்திருக்கிறதே, இதை ஏன் வீணாக்க வேண்டும் என்று தோன்றியது.

அதற்கு இரண்டு நாள் கழித்து நடந்ததைச் சொல்கிறேன். காலை. அம்மா குளியலறையிலிருந்து கூப்பிட்டாள், துண்டு எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டாளாம். "ஒரு நிமிஷம்மா" என்றேன். வளையம் பச்சையில் இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். "இதோம்மா, ஒரே நிமிஷம்." ஆட்டம் முடிந்தது. ஜெயித்தேன், பெரிதாகவே. துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். கதவை ஒரு கோடு திறந்து வைத்துக்கொண்டு, ஈரப் புடவையைச் சுற்றியபடி நின்றிருந்தாள். தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. திட்டவில்லை. துண்டை வாங்கிக்கொண்டு, "உங்கண்ணனும் இப்படித்தான், ஒரு நிமிஷம் ஒரு நிமிஷம்பான்" என்றாள். இருவருக்கும் ஒரே மூக்கு என்று சொல்வாளே, அதே குரலில்.

அன்று முழுவதும் கூடத்தில் ஒரு பல்லும் சரியாக வரவில்லை.

அதன் பிறகும் உடனே நிறுத்திவிடவில்லை. உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன். அந்தக் குரலை மறக்க இன்னும் கொஞ்சம் விளையாடினேன், அளவைத் தாண்டியும் விளையாடினேன். மோசமான சீட்டுகளோடும் உள்ளே போனேன். ஆடிக்கொண்டிருந்தவன் எழுந்து போய் வேறொருவன் வந்து உட்கார்வது என்று உனக்கு எழுதியிருந்தேனே, அந்த ஆளை நானும் பார்த்துவிட்டேன். அடுப்பை ரத்து செய்து முன்பணத்தைத் திரும்ப வாங்கினேன். எதற்கு என்று நீ கேட்க மாட்டாய். உனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "நீயாவது புத்தகம் படிக்கிற புள்ளைன்னு நெனச்சேன்" என்றாள். அப்புறம், "அவனுக்கு எழுதிட்டியா?" என்றாள். இல்லை என்றேன். "எழுதறதுக்கு முன்னாடி நிறுத்து. நிறுத்திட்டு எழுது" என்றாள்.

திங்கட்கிழமை காலை உட்கார்ந்தேன். எழுந்திருப்பதற்காகவே உட்கார்ந்தேன். அம்மா குளிக்கவில்லை, பக்கத்து நாற்காலியில் காபியோடு இருந்தாள். திரையில் நடப்பது எதுவும் அவளுக்குப் புரியாது. "இதுவா அது? பொம்மை மாதிரி இருக்கே" என்றாள். நல்ல சீட்டு வரும்வரை விலகிக்கொண்டே இருந்தேன். வந்தது. நடுவில் மூன்று திறந்தார்கள், அப்புறம் நாலாவது. என் சீட்டு இன்னும் நன்றாகிக்கொண்டே போனது. எதிரே ஒருவன் எல்லாவற்றையும் வைத்தான். என் முறை. என் பெயரைச் சுற்றி வளையம் ஓடத் தொடங்கியது. ஆரஞ்சானது. அம்மா என் முழங்கையைத் தொடக்கூட இல்லை. காபியை ஒரு வாய் குடித்தாள், அவ்வளவுதான். நான் திரையை மூடினேன். அறையவில்லை. மெதுவாக, தூங்குகிற குழந்தை இருக்கும் அறைக்கதவை மூடுவது போல மூடினேன்.

அந்தக் கடைசிச் சீட்டு என்ன என்று எனக்குத் தெரியாது. அவன் கையில் என்ன இருந்தது என்றும் தெரியாது. அதுவரை நான் வைத்தது போனது, அது என் பணம்தான்.

கூடத்தில் கணக்கு பார்க்கிற பெண்ணின் கணினியிலிருந்து, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, என் விளையாட்டுக் கணக்கை நிரந்தரமாக அடைத்துவிட்டேன். அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, தேடினால்தான் கிடைக்கும் இடத்தில். 'நிச்சயமாகவா?' என்று திரும்பத் திரும்பக் கேட்டது. முதலாளிகூட என்னை அத்தனை அக்கறையோடு கேட்டதில்லை. லேப்டாப்பைப் பழுதுபார்க்கும் கடையில் கொடுத்து எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன். உன் ஆட்டங்களும் போய்விட்டன, ஒன்பதும் ஆஸும் எல்லாம். உன்னைக் கேட்காமல் அழித்துவிட்டேன், மன்னித்துக்கொள். இனி எங்கே தப்பு செய்தோம் என்று பார்க்க வழியில்லை.

நன்றாக இருக்கிறேன் என்று எழுத ஆசைதான். இல்லை. பாத்திரம் கழுவும்போது அந்தச் சீட்டு நினைவுக்கு வருகிறது. மெழுகு உருகக் காத்திருக்கும்போது வருகிறது. என்னவாக இருந்திருக்கும், என்னவாக இருந்திருக்கும் என்று. இது எத்தனை நாளில் போகும் என்று உன் மேடத்திடம் கேட்டு எழுது. அல்லது நீயே வந்து சொல்.

அடுப்பு இனி வராது, இப்போதைக்கு. ஆனால் முதலாளி வாசல் பக்கத்து மேஜையை எனக்குக் கொடுத்திருக்கிறார். அந்தப் பல்லைப் பார்த்து மருத்துவர் ஏதோ நல்லபடியாகச் சொன்னாராம். அங்கே பகல் வெளிச்சம் இருக்கிறது, கூடவே தெருப் புழுதியும்.

பின்னறை காலியாக இருக்கிறது. நீ அங்கே படுத்துக்கொள். கிழக்கு ஜன்னலின் கீல் முனகுகிறது. எங்கே தேய்கிறது என்று படுத்தபடியே சொல்லலாம். நம் வீட்டில் அதைத் தொடக்கூடாது என்று உனக்கு யாரும் உத்தரவு போடவில்லை.

விரிப்பை அம்மா எடுக்கவில்லை. சொன்னேன். கேட்கவில்லை.

எலி


ஏப்ரல் 25

எலி,

உன் கடிதத்தை மேடத்திடம் காட்டினேன். என்னை வீட்டுக்கு அனுப்ப ஒப்புக்கொண்டார். அந்த நினைப்பு எத்தனை நாளில் போகும் என்று கேட்டதற்கு, "உங்களுக்குப் போயிடுச்சா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அதுதான் பதில். இரண்டு பேரும் சேர்ந்து காத்திருக்கலாம்.

பேங்க்கிடம் அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "எனக்குத் தெரியும் தம்பி" என்றார். நேற்று மட்டும் விரிப்பைக் கொஞ்சம் கோணலாக மடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன். கைப்பேசியை ஒட்டிய உறையோடு அப்படியே உன் கையில் கொடுப்பேன், நீ எங்கேயாவது வைத்துக்கொள். எண்ணெயும் ஸ்குரூடிரைவரும் வீட்டில் இருக்கிறதா என்று பார்த்து வை, ஜன்னலுக்கு.

இதை எழுதி ஒட்டுவதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும் போலிருக்கிறது. உன் கையில் என்ன சீட்டு இருந்தது?

வேண்டாம், சொல்லாதே. நான் கேட்டாலும் சொல்லாதே.

அண்ணா